வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் ஓய்ந்து போகாமல் இருக்க: உதவிக்கு ஆள் வைப்பது பற்றிய முழுமையான வழிகாட்டி

அம்மா படுக்கையில் விழுந்து மூன்றாவது வருடம். விடியற்காலை மூன்று மணி இருக்கும். அந்த இரவில் நான் எழுந்தது நான்காவது தடவை. பெம்பர்ஸ் (டயப்பர்) மாற்ற அவரைப் புரட்டினேன். புரட்டிய வேகத்தில் அவர் கை கட்டில் கம்பியில் மோதியது. ஸ்ட்ரோக்குக்குப் பிறகு அம்மாவுக்குப் பேச்சு குழறும், அழுகை மட்டும் தெளிவாக வரும். அழுதார். எனக்கு அப்போது இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. காலையில் பால் கொடுக்கும் டியூபை மாற்ற வந்த மிசி (நர்ஸ்), கன்றிப் போயிருந்த இடத்தைப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. "நீ கடைசியா எப்பம்மா ஒழுங்கா தூங்குனே?" என்று மட்டும் கேட்டார். எவ்வளவு யோசித்தும் எனக்கு ஒரு நாள்கூட நினைவுக்கு வரவில்லை.

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து ஊர்களில் என்னைப் போல நிறையப் பேர் இருக்கிறோம். லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) பிறந்து, தோட்டம் கைமாறியதும் பக்கத்துத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஒரு மலிவு விலை வீட்டுக்கு வந்தவர்கள். அண்ணன் தம்பிகள் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். ஊரோடு தங்கிவிட்ட ஒரு மகளோ மருமகளோதான் பெரியவர்களைப் பார்ப்பாள். அவளுக்கு ஓய்வும் கிடையாது, மாற்று ஆளும் கிடையாது. "பெத்தவங்களைப் பாக்குறதுக்குக் காசு கொடுத்து ஆள் வைப்பாங்களா?" என்று ஊர் கேட்கும் என்பதால் அவளும் வாய் திறக்க மாட்டாள். நானும் அப்படித்தான் இரண்டரை வருடம் இருந்தேன். அதற்குப் பிறகு நாங்கள் செய்ததையும், மற்ற வீடுகளுக்கு நான் சொல்லிக் கொடுத்ததையும் வரிசையாக இங்கே எழுதுகிறேன்.

1. சோர்வு எந்த அளவுக்கு வந்துவிட்டது என்று பாருங்கள்

களைப்பு வேறு, ஓய்ந்து போவது வேறு. ஒரு நாள் நன்றாகத் தூங்கினால் களைப்பு தீர்ந்துவிடும். ஓய்ந்து போனவருக்குத் தூக்கம் கிடைத்தாலும் தீராது. நோயாளி கூப்பிடும் சத்தம் கேட்டாலே உடம்பு இறுகும். கோயிலுக்குப் போவது, பக்கத்து வீட்டில் நின்று பேசுவது எல்லாம் ஒவ்வொன்றாக நின்றுவிடும். நோயாளியின் மாத்திரையை நேரம் தவறாமல் கொடுப்பீர்கள், உங்கள் சர்க்கரை மாத்திரையை மறந்துவிடுவீர்கள். இந்தக் கடைசி அடையாளத்தை நம் வீடுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அம்மாவின் இரத்த அழுத்தத்தைத் தினமும் எழுதி வைக்கும் மகளிடம் "உனக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள், தெரியாது என்பாள்.

பராமரிப்பவரின் சுமையை அளக்க மருத்துவர்கள் ஒரு கேள்வித்தாள் வைத்திருக்கிறார்கள். ஸாரிட் என்பவர் பெயரில் வழங்குவது, முழு வடிவத்தில் 22 கேள்விகள். உங்களுக்கென்று நேரம் இல்லையே என்று தோன்றுகிறதா, நோயாளி பக்கத்தில் இருக்கும்போது கோபம் வருகிறதா என்றெல்லாம் கேட்கும். கோபம் வருவது இப்படி ஒரு மருத்துவக் கேள்வித்தாளில் இடம் பிடிக்கும் அளவுக்குச் சாதாரணம் என்று தெரிந்தபோது எனக்குப் பாதி பாரம் இறங்கியது.

அரசு சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் உங்கள் பெயரிலும் ஒரு கார்டு போடுங்கள். கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்) தான், 60 வயதுக்கு மேல் அதுவும் இல்லை. "வீட்டில் படுக்கையாக இருப்பவரைப் பார்த்துக்கொள்கிறேன், தூக்கமில்லை, மனசு சரியில்லை" என்று மருத்துவரிடம் நேராகச் சொல்லுங்கள். இரத்த அழுத்தத்தோடு மனநிலையையும் பரிசோதிப்பார்கள். நோயாளியை அடித்துவிடுவேனோ என்ற பயமோ, நானே செத்துப் போனால் தேவலை என்ற எண்ணமோ வந்தால் இந்த வழிகாட்டியின் மற்ற படிகளுக்காகக் காத்திருக்காதீர்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. நலத்துறையின் தாலியான் காசே உதவி எண் 15999. இன்றைக்கே கூப்பிடுங்கள்.

2. மூன்று நாள் நோட்டு

ஆள் தேடும் முன் இதைச் செய்யுங்கள். பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்து, மூன்று நாள், 24 மணி நேரமும் என்ன செய்தீர்கள் என்று நேரத்தோடு எழுதுங்கள். ஒரு வரி போதும். "4.10 பெம்பர்ஸ். 6.00 பால் டியூப். 6.40 உடம்பு துடைத்தேன். 8.00 புரட்டினேன்."

இதை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், "எல்லா வேலையும் நான்தான் செய்கிறேன்" என்று சொன்னால் தம்பிக்கு அது புகாராகத்தான் கேட்கும். நோட்டைக் காட்டினால் கணக்காகத் தெரியும். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இடுப்புக்குக் கீழும் குதிகாலிலும் புண் வரும். டியூப் வழியாகப் பால் கொடுத்தால் தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்துக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் அப்படியே வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் பால் நுரையீரலுக்குப் போகலாம். இந்த இரண்டை மட்டும் ஒரு நாள் முழுக்க எழுதிப் பாருங்கள். ஒரு ஆள் தூங்க எங்கே இடம் இருக்கிறது?

மூன்று நாள் முடிந்ததும் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ஒரு குறி போடுங்கள். டியூப் மாற்றுவது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது, ஆழமான புண்ணுக்குக் கட்டுப் போடுவது எல்லாம் மிசியின் வேலை. குளிப்பாட்டுவது, புரட்டுவது, நாற்காலிக்கு மாற்றுவது, கற்றுக்கொண்ட கையால் டியூபில் பால் கொடுப்பது இவற்றைப் பயிற்சி பெற்ற பராமரிப்பாளர் செய்யலாம். துணி துவைப்பது, பாசார் (சந்தை) போவது, மருந்து வாங்குவது யாரும் செய்யலாம். கடைசியாக, நீங்களே செய்ய விரும்பும் ஒன்றிரண்டு இருக்கும், அவற்றை விட்டுவிடாதீர்கள். அம்மாவுக்குத் தலை வாரிவிடுவதை நான் யாரிடமும் கொடுக்கவில்லை.

அப்புறம், எந்த நேரம் உங்களை உடைக்கிறது என்று பாருங்கள். பகலில் வேலை அதிகம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நோட்டைப் பார்த்த பிறகுதான் இரவுதான் என்னைக் கொல்கிறது என்று புரிந்தது. அதனால் ஆள் வைத்தபோது காலை நேரத்தைக் கேட்கவில்லை. மதியம் பன்னிரண்டிலிருந்து நான்கு மணி வரை கேட்டேன். அந்த நான்கு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினேன். காற்று மெத்தை ஒன்றும் வாங்கினோம். அது இருந்தாலும் புரட்டத்தான் வேண்டும், ஆனால் இரவில் எவ்வளவு இடைவெளி விடலாம் என்று மிசி அம்மாவின் தோலைப் பார்த்துச் சொன்னார். தோலில் சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுக்க வேண்டும். வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் புண் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அப்போது இடைவெளி விடக் கூடாது.

3. காசு கொடுக்கும் முன், நமக்கு உரியதை வாங்குங்கள்

சுகாதார அமைச்சின் வீட்டுப் பராமரிப்புச் சேவை ஒன்று இருக்கிறது. மலாயில் பெர்க்கித்மாத்தான் பெராவாத்தான் டொமிசிலியாரி என்பார்கள். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த படுக்கை நோயாளிகளைக் கிளினிக் கெசிஹாத்தான் குழு வீட்டுக்கே வந்து பார்க்கும். மருத்துவர், மிசி, உடற்பயிற்சி சிகிச்சையாளர் எல்லாரும் அந்தக் குழுவில் இருப்பார்கள். டியூப், சிறுநீர்க் குழாய், புண், கைகால் பயிற்சி எல்லாவற்றையும் கவனிப்பார்கள், நமக்கும் சொல்லிக் கொடுப்பார்கள். ஆனால் வீட்டில் பார்த்துக்கொள்ள ஒருவர் இருக்க வேண்டும். இது காலத்துக்கும் ஓடும் சேவை அல்ல, சில மாதங்களில் பொறுப்பைக் குடும்பத்திடம் கொடுத்துவிடுவார்கள். அதனால் அந்த மாதங்களில் அவர்களிடம் எவ்வளவு கற்றுக்கொள்ள முடியுமோ கற்றுக்கொள்ளுங்கள். மருத்துவமனையிலிருந்து வெளியேறும் நாளுக்கு முன்பே வார்டில் இதைக் கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. ஐந்து வாரம் கழித்து அம்மாவுக்குப் புண் வந்து கிளினிக்குப் போனபோதுதான் தெரிந்தது.

பண உதவிக்கு ஜேகேஎம் என்ற சமூக நலத்துறை. படுக்கையில் இருக்கும் ஓகேயு (மாற்றுத்திறனாளி), நாட்பட்ட நோயாளி ஆகியோரைப் பராமரிப்பதற்கென்றே ஒரு மாத உதவித்தொகை இருக்கிறது. 2021 பட்ஜெட்டில் அதை 350 வெள்ளியிலிருந்து 500 வெள்ளியாக உயர்த்தினார்கள். குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள், மருத்துவர் கையெழுத்திட்ட படிவமும் வேண்டும். சுங்கை சிப்புட் கோலகங்சார் மாவட்டத்தில் இருப்பதால் நமக்கு மாவட்ட நல அலுவலகம் கோலகங்சார்தான். நோயாளியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. அடையாளக் கார்டு நகல்கள், மருத்துவ அறிக்கை, வருமான ஆதாரம், வங்கிக் கணக்குப் புத்தகம் எல்லாம் ஒரே ஃபைலில் வைத்துக்கொண்டு போங்கள். அதிகாரி வீட்டுக்கு வந்து பார்ப்பார். ஸ்ட்ரோக்கால் கைகால் விழுந்தவர் ஓகேயு கார்டுக்கும் விண்ணப்பிக்கலாம், மருத்துவர் மதிப்பிட்டுச் சொல்வார்.

விழுந்தவர் தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ வேலை செய்தவர், வயது 60க்குள் என்றால் சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தை மறக்காதீர்கள். உழைக்க முடியாமல் போனவருக்கு அங்கே ஓய்வூதியம் உண்டு. எப்போதும் ஒருவர் கூடவே இருந்து பார்க்க வேண்டிய நிலை என்று உறுதியானால், அதற்கு மேல் மாதம் 500 வெள்ளி கவனிப்பு அலவன்ஸும் உண்டு. "வேலையிலேயே அடிபடலையே, வீட்லதானே விழுந்தாரு" என்று சொல்லிப் பலர் விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். நோயால் இயலாமல் போனாலும் அந்த ஓய்வூதியத் திட்டத்தில் இடம் இருக்கிறது.

பராமரிப்பவர் வேலைக்குப் போகாத பெண் என்றால் அவருக்கும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. இல்லத்தரசிகளுக்கான சொக்சோ திட்டம் 2022 டிசம்பரில் தொடங்கியது. 55 வயதுக்குள் இருப்பவருக்கு வருடம் 120 வெள்ளி. நோயாளியைத் தூக்கும்போது குளியலறையில் வழுக்கி விழுந்தால் உங்களை யார் பார்ப்பார்கள் என்று யோசித்துவிட்டு அந்த 120 வெள்ளியைக் கட்டுங்கள்.

ஈப்போவில் நாசாம் என்ற தேசிய ஸ்ட்ரோக் சங்கத்தின் மையம் இருக்கிறது. உட்கார முடிகிற நோயாளி என்றால் அங்கே பயிற்சிக்குக் கூட்டிப் போகலாம். புற்றுநோய் மாதிரி குணமாகாத நோயின் கடைசிக் கட்டம் என்றால், ஈப்போவில் இயங்கும் பேராக் பாலியேட்டிவ் கேர் சொசைட்டியைக் கேட்டுப் பாருங்கள். வீட்டுக்கே வந்து வலியைக் குறைப்பதுதான் அவர்கள் வேலை.

4. எந்த மாதிரி ஆள், எவ்வளவு நேரம்

இங்கே பலர் நேரே வீட்டோடு தங்கும் பணிப்பெண்ணைத் தேடுகிறார்கள். கட்டுப்படியாகும் என்றால் சரி. ஆனால் பணிப்பெண் மிசி அல்ல. வந்த இரண்டாம் நாளே டியூபையும் மருந்தையும் அவர் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனால், நோயாளிக்கும் ஆபத்து, அந்தப் பெண்ணுக்கும் பாவம். அவரும் தூக்கமில்லாமல் மூன்று மாதத்தில் ஓய்ந்து போவார். உங்கள் சோர்வை இன்னொரு பெண்ணின் தலையில் ஏற்றி வைப்பது மட்டும்தான் அங்கே நடக்கும்.

என் கருத்தில், நம் மாதிரி குடும்பங்களுக்குக் குறைந்த நேர உதவியே முதலில் நல்லது. வாரம் இரண்டு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம். கூடவே, தேவைப்படும்போது மட்டும் மிசி வந்து போவது. நாங்கள் வாரம் மூன்று நாள் வைத்தோம். மணிக்கு 15 வெள்ளி என்று பேசினோம். வாரத்துக்கு 180, மாதத்துக்கு 720 முதல் 780 வரை ஆனது. ஜேகேஎம் 500 போக மீதியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்தபோது ஆளுக்கு நூறு வெள்ளிகூட வரவில்லை. இதற்காகவா இரண்டரை வருடம் தவித்தோம் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. உங்கள் ஊரில் விலை வேறாக இருக்கும், கணக்குப் போடும் முறை இதுதான்.

ஆளை எங்கே தேடுவது? நிறுவனங்கள் பெரும்பாலும் ஈப்போவில்தான். அரை மணி நேரப் பயணம் என்பதால் போக்குவரத்துக்குத் தனியாகக் கேட்பார்களா, குறைந்தபட்சம் எத்தனை மணி நேரம் எடுக்க வேண்டும், வழக்கமாக வருபவர் லீவு போட்டால் மாற்று ஆள் வருவாரா என்று முதல் போனிலேயே கேளுங்கள். இன்னொரு வழி, ஓய்வு பெற்ற மிசிகள். ஒவ்வொரு தாமானிலும் ஒருவராவது இருப்பார், அவர் வராவிட்டாலும் யாரையாவது சொல்வார். எங்களுக்கு வந்த அக்கா அப்படிக் கிடைத்தவர்தான். முதியோர் இல்லத்தில் ஆறு வருடம் வேலை செய்தவர்.

5. தேர்ந்தெடுக்கும்போது

மிசி என்று சொல்லிக்கொண்டு வருபவரிடம் மலேசிய தாதியர் வாரியத்தின் பதிவும், அந்த வருடத்துக்கான தொழில் சான்றிதழும் கேளுங்கள். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டிய சான்றிதழ் அது. உண்மையான மிசி கோபித்துக்கொள்ள மாட்டார்.

பராமரிப்பாளர் என்றால் சான்றிதழை விடக் கையைப் பாருங்கள். "கொஞ்சம் புரட்டிக் காட்டுங்கக்கா" என்று கேளுங்கள். தெரிந்தவர் முதலில் கை கழுவுவார். நோயாளியிடம் "பாட்டி, இந்தப் பக்கம் திருப்பப் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவார். விழுந்த கையைப் பிடித்து இழுக்க மாட்டார், தோளுக்கும் இடுப்புக்கும் கை கொடுப்பார். எங்கள் வீட்டுக்கு முதலில் வந்த ஒருவர் அம்மா தலைக்கு மேலேயே என்னிடம் பேசிக்கொண்டிருந்தார், அம்மாவை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அவரை வேண்டாம் என்றோம்.

மொழியையும் பாருங்கள். தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குப் பாசார் மலாய் (பேச்சு மலாய்) நன்றாக வரும், ஆனால் வலி வந்தால் வாயில் வருவது தமிழ்தான். தமிழ் தெரியாத ஆள் என்றால் 'வலிக்குது, தண்ணி, ஒண்ணுக்கு, குளிருது' என்று பத்து வார்த்தையாவது எழுதிக் கொடுங்கள். அம்மாவுக்குப் பெண், அப்பாவுக்கு முடிந்தால் ஆண். தொண்ணூறு வயதானாலும் கூச்சம் போவதில்லை.

பிறகு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்: வரும் நேரம், போகும் நேரம், சம்பளம், என்றைக்குச் சம்பளம், லீவுக்கு எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், என்னென்ன வேலை. எது அவர் வேலை இல்லை என்பதையும் எழுதுங்கள். முழு வீட்டுக்கும் சமைப்பதும், உங்கள் துணியைத் துவைப்பதும் அவர் வேலை இல்லை. நம் ஆட்கள் இதில்தான் தவறு செய்கிறோம். நோயாளி தூங்கும் நேரத்தில் "சும்மாதானே இருக்கே, இந்த மீனைக் கொஞ்சம் கழுவிக் கொடு" என்று ஆரம்பித்தால் நல்ல ஆள் ஒரு மாதத்தில் நின்றுவிடுவார்.

நோயாளியின் நகைகளை முதல் நாளே குடும்பத்தார் எதிரில் கழற்றி, எடை போட்டு, பூட்டி வையுங்கள். வருபவரைச் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. ஒரு தோடு கட்டில் இடுக்கில் விழுந்தாலும் பழி அவர் மேல்தான் விழும், அந்த நிலைக்கு அவரைத் தள்ள வேண்டாம்.

6. முதல் இரண்டு வாரம்

முதல் நாள் நீங்கள் செய்யுங்கள், அவர் பார்க்கட்டும். இரண்டாம் மூன்றாம் நாள் அவர் செய்யட்டும், நீங்கள் பாருங்கள். அப்புறம் அடுத்த அறையில் இருங்கள். அதற்கும் அப்புறம் ஒரு மணி நேரம் வெளியே போய் வாருங்கள். அவசரப்பட்டால் மூவருக்கும் பிடிக்காமல் போகும்.

நம் வீட்டுச் சுவரில் ஒரு பெரிய தாள் வேண்டும்: அவசர எண் 999, உங்கள் எண், கிளினிக் எண், என்ன மருந்து எத்தனை மணிக்கு. வாய் ஒரு பக்கம் கோணினாலோ, கை திடீரென்று விழுந்தாலோ, பேச்சு மாறினாலோ உடனே 999. டியூப் கழன்று வந்துவிட்டால் யாரும் திரும்பச் சொருக முயலக் கூடாது, கிளினிக்குச் சொல்ல வேண்டும். பால் கொடுக்கும்போது இருமல் வந்தாலோ முகம் நீலமானாலோ அந்த நொடியே நிறுத்த வேண்டும். மூன்று நாள் நோட்டைத் தொடருங்கள், இனி அதில் இரண்டு பேர் எழுதுவீர்கள். சிறுநீர், மலம், எவ்வளவு பால், எந்தப் பக்கம் படுத்திருந்தார் என்று எழுதி வைத்தால், மாற்று ஆள் வந்தாலும் எங்கே விட்டது என்று தெரியும்.

முதுகைக் காப்பாற்ற ஒரு வழி அந்த அக்காதான் சொல்லிக் கொடுத்தார். பழைய கைலியை இரண்டாக மடித்து, தோளிலிருந்து தொடை வரைக்கும் வருகிற மாதிரி அம்மாவுக்கு அடியில் விரித்து வைப்போம். மேலே நகர்த்த வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் ஆளுக்கொருவர் கைலியைச் சுருட்டிப் பிடித்து, முழங்காலை மடக்கி, ஒரே நேரத்தில் இழுப்போம். உடம்பைத் தேய்த்து இழுக்க வேண்டியதில்லை, தோலும் உரியாது. இரண்டரை வருடம் நான் ஒருத்தியாக அக்குளில் கை கொடுத்துத் தூக்கிக்கொண்டிருந்தேன்.

இனி மிகக் கடினமான விஷயம். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அந்த அக்கா கிட்டே வந்தால் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைச் சுவர் பக்கம் திருப்புவார், நல்ல கையால் தள்ளிவிடுவார். நான்காம் நாள் குழறிக் குழறி என்னிடம் கேட்டார்: "என்ன ஆயாக்கொட்டகையில விடுறியா?"

இளையவர்களுக்கு ஆயாக்கொட்டகை தெரியாது. தோட்டத்துப் பெண்கள் விடியலில் பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்புக்கு) போகும்போது பிள்ளைகளைத் தூக்கத்தோடு தூக்கிப் போய் விடும் இடம் அது. ஆயா ஒருவர் எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வார், தொட்டில் கட்டியிருக்கும். பால் குடிக்கும் பிள்ளை என்றால் தாய் நடுவில் ஓடி வந்து கொடுத்துவிட்டுப் போவாள். நானும் அங்கே வளர்ந்தவள்தான். எங்கள் அம்மா பிள்ளையை விட்டுவிட்டாள் என்று அந்தத் தோட்டத்தில் ஒருவரும் சொன்னதில்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்டினால்தான் சோறு, பிள்ளையைப் பார்க்க இன்னொரு கை வேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்கு.

அம்மாவிடம் சொன்னேன்: "ஆமாம்மா. நீ என்ன விட்டுட்டு பால் வெட்டப் போனே, திரும்பி வந்து தூக்கிக்கிட்ட. நான் பக்கத்து ரூம்ல தூங்கப் போறேன். நாலு மணிக்கு வந்து தூக்கிக்குவேன்." அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு அந்த அக்கா முகம் துடைத்தபோது தள்ளவில்லை. நான் நான்கு மணிக்குச் சொன்னபடி வந்தேன். ஒவ்வொரு முறையும் வந்தேன். உங்கள் வீட்டிலும் சொன்ன நேரத்துக்குத் திரும்பி வந்து முகத்தைக் காட்டுங்கள். மறதி நோய் இருப்பவருக்கு நேரம் புரியாது, அவர்களுக்கு 'கஞ்சி குடிச்சதும் வந்துடுவேன்' என்று சொல்லுங்கள். "உங்களைப் பாக்க ஆள் வந்திருக்காங்க" என்று அறிமுகம் செய்யாமல் "எனக்கு ஒத்தாசைக்கு வந்திருக்காங்க" என்று சொன்னாலும் கொஞ்சம் இலகுவாக இருக்கும்.

7. கூடப் பிறந்தவர்களிடம் பேசுவது

தீபாவளிக்கு எல்லாரும் வருவார்கள். தீபாவளி அன்றைக்கே பேச வேண்டாம், மறுநாள் காலை பேசுங்கள். நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, குறிப்பாகக் கேளுங்கள். "யாரும் கண்டுக்க மாட்டேங்கிறீங்க" என்றால் சண்டைதான் வரும். "மாசம் ஒரு சனி ராத்திரி நீ வந்து அம்மாகூடப் படு, எனக்கு ஒரு ராத்திரி தூக்கம் வேணும்" என்று கேட்டேன். என் தம்பி வந்தான். முதல் இரவு முடிந்து காலையில் அவன் முகத்தைப் பார்த்தேன். அதற்குப் பிறகு பணம் அனுப்புவதில் ஒரு மாதம்கூடத் தாமதமாகவில்லை.

வரி கட்டும் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். பெற்றோரின் மருத்துவச் செலவு, சிறப்புத் தேவை, பராமரிப்பாளர் செலவு எல்லாம் சேர்த்து வருடம் 8,000 வெள்ளி வரை வருமான வரிக் கழிவு உண்டு. பராமரிப்பாளர் வரி கட்டுபவராகவோ அவருடைய மனைவி, கணவர், பிள்ளையாகவோ இருக்கக் கூடாது. மருத்துவர் சான்றும் பணம் கொடுத்ததற்கான ஆதாரமும் வேண்டும். ஆகவே சம்பளத்தை வங்கி வழியாகக் கொடுங்கள், ரசீது வாங்கி ஃபைலில் போடுங்கள்.

8. கிடைத்த நேரத்தை என்ன செய்வது

தூங்குங்கள். அந்த நான்கு மணி நேரத்தில் அலமாரியைத் துடைக்கப் போகாதீர்கள். தூக்கம் தீர்ந்த பிறகு, சில வாரம் கழித்து, உங்கள் பல், கண், சர்க்கரை, எதைத் தள்ளிப் போட்டீர்களோ அதைப் பாருங்கள். அப்புறம் வெள்ளிக்கிழமை கோயில். நான் முதல் தடவை போனபோது "அம்மாவ யார்கிட்ட விட்டுட்டு வந்தே?" என்று ஒருவர் கேட்டார். "ஒரு அக்காகிட்ட, நாலு மணி வரைக்கும்" என்றேன். அடுத்த வாரம் அதே ஆள் தன் மாமியாருக்காக அந்த அக்காவின் நம்பரைக் கேட்டு வந்தார்.

9. நிலை மாறும்போது

மாதம் ஒரு முறை நோட்டைப் புரட்டுங்கள். இரவில் எழுவது கூடிவிட்டதா, உதவி நேரத்தைக் கூட்ட வேண்டுமா, வருபவருக்கு ஏதாவது கஷ்டமா என்று உட்கார்ந்து பேசுங்கள். அவருக்கும் ஒரு டீ போட்டுக் கொடுத்துவிட்டுக் கேட்டால் உண்மையைச் சொல்வார்.

உங்களுக்கு அறுவை சிகிச்சையோ, பிள்ளையின் கல்யாணமோ வந்தால் சில நாள் முழுதாக விட வேண்டியிருக்கும். முதியோர் பராமரிப்பு இல்லங்களில் குறுகிய காலத்துக்கு வைத்துக்கொள்வார்களா என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். 1993 பராமரிப்பு மையச் சட்டத்தின் கீழ் ஜேகேஎம்மில் பதிவு செய்த இடமா என்று சான்றிதழைப் பாருங்கள், சுவரில் மாட்டியிருக்க வேண்டும். சொல்லாமல் சாப்பாட்டு நேரத்தில் ஒரு முறை போங்கள். நாற்றம், நகம், தண்ணீர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா, இந்த மூன்றையும் கவனித்தாலே போதுமான அளவுக்குத் தெரிந்துவிடும்.

நான் என் மகளின் பட்டமளிப்புக்குப் போனபோது அம்மாவை நான்கு நாள் அப்படி விட்டேன். மருந்துப் பட்டியலையும் நோட்டையும் கொடுத்தேன். கூடவே அவர் தலையணையையும் இரண்டு பழைய கைலிகளையும் அனுப்பினேன். எப்படிப் பிடித்து இழுப்பது என்று அங்கே வேலை செய்த பெண்ணுக்கு ஒரு தடவை செய்து காட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு வருவேன் என்று அம்மா காதில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.